முப்பத்தொன்றாம் கல்லறைக் காசு

என் பெயர் ஸ்தமாதா, எங்கள் பாஷையில் 'நில்' என்று அர்த்தம். வீட்டில் நாலாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, 'இத்தோடு நிற்கட்டும்' என்று அப்பா வைத்த பெயர். நிற்கவில்லை, அஞ்சாவதும் பெண்தான். அதைச் சொல்லி நாற்பத்தேழு வருஷமாக ஊர் சிரிக்கிறது, சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் என்னைத் திருடி என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. அதுவும் செத்துப்போன பிள்ளையின் வாயிலிருந்து காசைப் பிடுங்கியவள் என்று! அப்படிச் சொன்னவர் லெயாந்த்ரோஸ், ஏதென்ஸிலிருந்து வந்த அகழாய்வுப் பொறுப்பாளர். வயது முப்பத்துநாலு. நான் முதன்முதலில் குழிக்குள் இறங்கியபோது அவர் பத்து வயதுப் பையனாக எங்கேயோ பந்து உதைத்துக்கொண்டிருந்திருப்பார்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நடுவில் வாய் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பலியாம்பெலாவை ஒட்டி லாரிஸா நகரத்துக்குப் போகிற புதுச் சாலை வருகிறது. அதற்கு மண் வெட்டும்போது பழைய கல்லறைகள் தட்டுப்பட்டன. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துப் பழசு. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எங்கள் நாட்டில் எங்கே கடப்பாரை போட்டாலும் அடியில் யாராவது படுத்திருப்பார்கள். சட்டப்படி இயந்திரங்கள் நின்றன. நாங்கள் பதினோரு பேர் இறங்கினோம். சாலைக்காரர்கள் தினமும் காலையில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். "இன்னும் எத்தனை பொணம் இருக்கு?" என்று கேட்பார்கள். லெயாந்த்ரோஸ் உடனே எங்களைப் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். கல்லறையைச் சீக்கிரம் தோண்ட முடியாது. மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்ட வேண்டும். அதை எல்லார் முன்னாலும் ஜூலை முதல் வாரத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். இருபத்தெட்டாம் கல்லறைக்குப் பக்கத்தில் இயந்திரத்தை விடப் பார்த்தார். அதன் வாளிக்கு முன்னால் போய் நின்றேன். அன்றிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு கடுப்பு இருந்தது.

அவரிடம் ஒரு பெரிய நோட்டு உண்டு. அகழாய்வு நாட்குறிப்பு. முதல் நாளே எங்களை வரிசையாக உட்காரவைத்து அதைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்தார்.

"இதுல பேனாவாலதான் எழுதணும். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா கீழே தேதி போட்டுச் சரியானதை எழுதணும், மேலே இருக்குறது அப்படியே இருக்கணும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில என் கையெழுத்து. ஏன் தெரியுமா? மண்ணை நாம ஒரு தடவைதான் தோண்ட முடியும். தோண்டினப்புறம் இந்த நோட்டு மட்டும்தான் மிச்சம். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் இதைப் படிச்சுத்தான் இங்க என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவான்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது, மறைக்கவில்லை. ஆள் அவசரக் குடுக்கையாக இருந்தாலும் நோட்டு விஷயத்தில் ஒழுங்கானவர் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றாம் கல்லறையைத் திறந்தேன். கூரை ஓடுகளைக் கூடாரம் மாதிரி சாய்த்து மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு சிறுமி. பால்பல்லும் புதுப்பல்லும் கலந்திருந்ததால் பத்து வயதுக்குள் என்று தெரிந்தது. காலடியில் ஒரு குட்டி மண்ஜாடி. வலது கை இருந்த இடத்தில் ஆட்டுக்கால் முட்டி எலும்புகள் அஞ்சு, சொட்டாங்கல் மாதிரி தூக்கிப்போட்டுப் பிடிக்கிற விளையாட்டு எலும்புகள். நானும் என் அக்காமாரும் அதையேதான் வைத்து ஆடினோம். கொஞ்ச நேரம் மண் சுரண்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

தூரிகையால் முகத்து மண்ணைத் தள்ளியபோது பற்களுக்கு நடுவில் அது தெரிந்தது. சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளிக் காசு, கறுத்துப் போயிருந்தது. செத்தவர்களை ஆற்றைக் கடத்திவிடுகிற படகுக்காரனுக்குக் கொடுக்க, பெற்றவர்கள் வாயில் வைத்து அனுப்பிய கூலி.

லெயாந்த்ரோஸை அழைத்தேன். ஓடி வந்தார், படம் எடுத்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"சார், இங்கயே எடுத்துப் பையில போட்டுச் சீட்டு எழுதிடலாம்" என்றேன். எப்போதும் செய்கிற முறை அதுதான்.

"வேணாம். பல்லு உடைஞ்சுடும். மண்ணோட அப்படியே தலையைத் தூக்குங்க. கழுவுற கொட்டகைக்குக் கொண்டுபோங்க, அங்க நிதானமா எடுத்துக்கலாம்."

"சார், வழியில எங்கயாவது விழுந்துச்சுன்னா..."

"ஸ்தமாதா, ஒரு தடவையாவது சொன்னதைச் செய்யறீங்களா?"

அதற்குள் அவருடைய போன் அடித்தது. சாலைக்காரர்கள்தான். நான் தலையை மண்ணோடு பலகையில் ஏற்றி, ஈரத் துணி போர்த்தி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு எண்பது அடி நடந்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில்கூட யாரும் பிள்ளையை அப்படித் தூக்கியிருக்க மாட்டார்கள். கொட்டகையில் பானை ஓடு கழுவுகிற பொலிக்ஸேனி அக்காவின் மேஜையில் இறக்கினேன். துணியை விலக்கிப் பார்த்தேன், காசு பல்லுக்கு நடுவில் இருந்தது. பின்னாலேயே லெயாந்த்ரோஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். நான் மிச்ச எலும்பை எடுக்கத் திரும்பிப் போய்விட்டேன். மதியத்துக்குள் எல்லா எலும்பும் கொட்டகைக்குப் போய்விட்டது.

மூன்று மணிக்கு வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தோம். லெயாந்த்ரோஸ் அலுவலகக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"காசு எங்கே?"

"எந்தக் காசு சார்?"

"நடிக்காதீங்க. முப்பத்தொன்னு. சிறுபொருள் தட்டு காலியா இருக்கு."

"நான் பலகையோட அக்கா மேஜையில வெச்சேன். வாயிலதான் இருந்துச்சு. அக்காவைக் கேளுங்க."

எல்லாரும் பொலிக்ஸேனியைப் பார்த்தோம். அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் பாக்கலை சார்" என்றாள்.

பொலிக்ஸேனி பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுபது வயது, கண்ணாடி போட்டும் எதிரே வருகிறவனை அடையாளம் தெரியாது, ஒரு பானை ஓட்டைக் கழுவும் முன்பு சிலுவை போட்டுக்கொள்கிறவள். பார்த்திருக்க மாட்டாள், காசு மண்ணோடு நழுவி எலும்புப் பெட்டிக்குள் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"பெட்டியைத் தொறங்க சார். உள்ள விழுந்திருக்கும்."

"பெட்டி ஒட்டியாச்சு. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்துலேருந்து மிர்ஸினி வர்றாங்க. அவங்கதான் தொறக்கணும்."

"என் பேரு நாறிப்போகுதே! ஒரு ஒட்டுத் தாளைப் பிரிக்கறதுக்கு என்ன?"

"காசு வாயில இருந்ததை என் கண்ணால பார்த்தேன், படமும் இருக்கு. அது தானா நடந்து பெட்டிக்குள்ள போகாது. கொண்டுபோனது நீங்க."

பத்துப் பேர் முன்னால் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெரிய நோட்டில் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார், தைரியத்தைப் பாருங்கள். 'கல்லறை 31. வெள்ளி நாணயம் ஒன்று. காணவில்லை. கடைசியாகக் கையில் வைத்திருந்தவர்: தொழிலாளி ஸ்தமாதா.' அடியில் கையெழுத்து.

பிறகு கையை நீட்டி, "உங்க கரண்டியைக் குடுங்க" என்றார்.

அது கொத்தனார் கரண்டிதான், கடையில் வாங்கினால் பெரிய விலை இல்லை. ஆனால் இருபத்துநாலு வருஷம் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பாதியாகத் தேய்ந்தது, பிடி என் உள்ளங்கைக்கு ஏற்றபடி குழிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையடிவாரத்தில் அதே கரண்டியால் தங்க இலை ஒன்றை எடுத்தேன். அப்போது பக்கத்தில் ஈ காக்கா இல்லை. மடியில் முடிந்துகொண்டு போயிருந்தால் கடவுளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. கூப்பிட்டுக் கொடுத்தேன்! அப்படிப்பட்டவளிடம் கரண்டியைப் பிடுங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். நாளையிலிருந்து மண் வண்டி தள்ளு என்றார்.

புதன்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரி பாக்கிச் சில்லறையை என் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துத் தள்ளினாள். காபிக் கடை வாசலில் லாரி ஓட்டுகிற லாம்ப்ரோஸ் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினான்.

"டேய், எல்லாரும் வாயை மூடிக்கங்கடா! ஸ்தமாதா வர்றா!"

கடையே குலுங்கிச் சிரித்தது. நின்றேன்.

"லாம்ப்ரோஸ், உன் தங்கப் பல்லை நீயே கழட்டித் தட்டுல வெச்சுக் குடுத்தாலும் தொட மாட்டேன்டா. அந்த நாத்தத்துக்குப் பயந்து படகுக்காரனே ஆத்துல குதிச்சுடுவான்."

சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. நான் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் வீட்டுக்குப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போனேன்.

வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. என் புருஷன் ஸோதிரிஸ் நல்ல மனுஷன், பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். தர்பூசணி வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஸ்தமாதா... நான் கோவிக்க மாட்டேன். ஒருவேளை நீ எடுத்திருந்தா, குடுத்துடலாம். நானும் கூட வர்றேன்."

தர்பூசணித் தட்டு சுவரில் போய் விழுந்தது. யார் எறிந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம். இருபத்தாறு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவர்! லெயாந்த்ரோஸ் சொன்னது தோலில்தான் பட்டது, இது உள்ளே இறங்கிவிட்டது. மூன்று நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரே சுவரைத் துடைத்தார்.

வியாழக்கிழமை லெயாந்த்ரோஸ் என் மண் வண்டிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் போலீஸ். வீட்டைச் சோதனை போடுவாங்க. பழம்பொருள் திருட்டுன்னா ஜெயில், உங்களுக்கே தெரியும்."

"போலீஸைக் கூப்பிடறதுக்கு முன்னால அந்தப் பெட்டியைத் தொறங்க."

"அதையே எத்தனை தடவை சொல்லுவீங்க?"

"நீங்க தொறக்கற வரைக்கும்!"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். நான் வண்டியை அவர் முதுகைப் பார்த்துத் தள்ளினேன். நல்லவேளை, சக்கரம் மண்ணில் புதைந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரொட்டியும் ஆலிவும் சாப்பிட உட்காரும் நேரம். என்னோடு யாரும் உட்காரவில்லை. தாகம் எடுத்தது, கழுவுகிற கொட்டகையின் நிழலுக்குப் போனேன். பொலிக்ஸேனி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடு தேய்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில், பைகளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்து மூடியைத் திறந்தேன், புளித்த ஒயின் வாடை குப்பென்று அடித்தது. அடியில் சிவப்பாக இரண்டு வாய் மிச்சம் இருந்தது.

"என்னக்கா, எப்போலேருந்து குடிக்க ஆரம்பிச்சே? சர்க்கரை மாத்திரைக்குத் தொட்டுக்கவா?"

அவள் திரும்பினாள். பாட்டிலைப் பார்த்தாள். கையிலிருந்த ஓடு தண்ணீரில் விழுந்தது. அப்போதுதான் கொடியில் காய்ந்த துணி என் கண்ணில் பட்டது. வெள்ளைத் தலையணை உறை, பாதி கிழித்து எடுத்த மிச்சம்.

இந்த ஊரில் ஒயினும் வெள்ளைத் துணியும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே ஒரு வேலைதான். புதைத்து மூன்று வருஷம் கழித்துக் கல்லறையைத் திறப்போம், எலும்புகளை எடுத்து ஒயினில் கழுவுவோம், வெள்ளைத் துணியில் பொதிந்து பெட்டியில் வைப்போம். சொந்தக்காரர்கள் துணிக்குள் காசு வைப்பார்கள். என் அப்பாவின் எலும்பை நானே கழுவினேன், ஒவ்வொரு விரலாக.

"அக்கா" என்றேன். "காசு எங்கே?"

"ஸ்தமாதா..."

"காசு எங்கே?"

"அவகிட்டதான் இருக்கு" என்றாள். "துணிக்குள்ள. எங்க போகும்?"

மேஜையை ஓங்கி அறைந்தேன், ஓடுகள் எல்லாம் குதித்தன.

"நாலு நாள்! நாலு நாளா ஊரே என்மேல காறித் துப்புது! கட்டின புருஷன் திருடினியான்னு கேக்கறான்! நீ இங்க உப்புக்கல்லாட்டம் உக்காந்து ஓடு தேய்ச்சுக்கிட்டிருக்கே! வயசுல மூத்தவன்னு பாக்கறேன், இல்லேன்னா இந்தத் தொட்டித் தண்ணியிலயே முக்கியிருப்பேன்!"

"முக்கு" என்றாள். "முக்கிடு. எனக்கும் அதுதான் நல்லது."

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். லெயாந்த்ரோஸ் போனோடு உள்ளே வந்திருக்கிறார். தலையைக் காட்டி, "இதைச் சுத்தம் பண்ணி வெச்சிருங்க" என்றிருக்கிறார். எலும்பை இதுவரை தொட்டதில்லை, எப்படிச் செய்வது என்று இவள் கேட்டிருக்கிறாள். எலும்பில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது, காய்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும். குழிக்குள் இறங்குகிற எங்களுக்கு அது தெரியும். பானை ஓடு கழுவுகிறவளுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அந்த மகானுபாவர் போனிலிருந்து வாயை எடுக்காமலே சொன்ன பதில்: "உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கழுவுங்க, போங்க."

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் ஸ்தமாதா. வீட்டுக்கு ஓடிப்போய் ஒயின் எடுத்துட்டு வந்தேன். நல்ல தலையணை உறை. என் பொண்ணு இலேக்த்ரா ஜெர்மனியில செத்துட்டா, அங்கயே புதைச்சாங்க. இருபது வருஷம் ஆனதும் தரையை நிரவிட்டாங்களாம், ஒரு எலும்பு குடுக்கலை. நான் என் பொண்ணுக்குக் கழுவலை. இவளுக்காவது கழுவலாமேன்னு..." மூக்கைச் சிந்தினாள். "காசு ஒரு பெட்டியில லாரிஸாவுக்குப் போகுமாம், புள்ள ஒரு பெட்டியில ஏதென்ஸுக்குப் போகுமாம். நீங்க பேசிக்கிட்டதைக் கேட்டேன். அப்போ அவ எதைக் குடுத்து ஆத்தைக் கடப்பா? அதான் துணிக்குள்ளயே வெச்சுட்டேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"பெட்டியை மூடினப்புறம் அவரு போன்ல ஆய்வுக்கூடத்துக்குச் சொன்னாரு, ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிருக்கோம்னு. எனக்கு உசுரே போச்சு. கெடுத்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அவரு வந்து கத்தினதும் வாய்ல என்ன வந்துச்சுன்னே தெரியலை. அப்புறம் ஒவ்வொரு நாளும்... சொல்ல வரும், உன் முகத்தைப் பார்ப்பேன், பயமா இருக்கும்."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"கண்ணைத் தொடை. வா என்கூட."

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

"என்னை ஜெயிலுக்கு அனுப்பறாங்கடி! எழுந்திரு!"

அலுவலகக் கொட்டகையில் மிர்ஸினி அப்போதுதான் வந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். எலும்பு ஆய்வாளர், சின்னப் பெண், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. லெயாந்த்ரோஸ் முப்பத்தொன்றாம் பெட்டியை மேஜையில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"உங்களை யாரு வரச் சொன்னது?"

"தொறங்க" என்று மிர்ஸினியிடம் சொன்னேன். பின்னால் மற்றவர்களும் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலில் வந்து குவிந்துவிட்டார்கள். இந்த ஊரில் சண்டை வாடைக்கு மூக்கு நீளம்.

மிர்ஸினி ஒட்டுத் தாளைக் கிழித்து மூடியைத் தூக்கினாள். ஒயின் வாடை அறை முழுக்கப் பரவியது. உள்ளே வெள்ளைத் துணிப் பொட்டலம், நாலு மூலையும் ஒழுங்காக மடித்திருந்தது. பிரித்தாள். சிறுமியின் எலும்புகள் இளஞ்சிவப்பாகச் சுத்தமாக இருந்தன. நெற்றிக்குப் பக்கத்தில், துணியின் மடிப்பில், அந்தக் கறுத்த காசு.

முதலில் மிர்ஸினிதான் வாயைத் திறந்தாள்.

"இதை யாரு கழுவச் சொன்னது? இதுல நான் பண்ண வேண்டிய சோதனை பாதி போச்சு!"

லெயாந்த்ரோஸ் பொலிக்ஸேனியைப் பார்த்துப் பாய்ந்தார். "முட்டாள் பொம்பளை! இது என்ன உங்க ஊர் இடுகாடா? யாரு உனக்கு ஒயினை ஊத்தச் சொன்னது?"

பொலிக்ஸேனி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எப்படிக் கழுவறதுன்னு கேட்டேன் சார். தெரிஞ்ச மாதிரி கழுவுன்னீங்க."

"நானா? எப்போ?"

"போன்ல பேசிக்கிட்டே."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. உடனே இடுக்கியால் காசை எடுத்துச் சின்னப் பையில் போட்டார். "சரி. காசு கெடைச்சுடுச்சு. விஷயம் முடிஞ்சுது. எல்லாரும் போய் வேலையைப் பாருங்க."

"எனக்கு முடியலை" என்றேன்.

"அதான் கெடைச்சுடுச்சே ஸ்தமாதா. போலீஸ் வராது. வேற என்ன வேணும்?"

"மூணு நாளைக்கு முன்னால இதே வாசல்ல, இதே பத்துப் பேர் முன்னால ஒண்ணு சொன்னீங்க. அதை இப்போ திருப்பிச் சொல்லுங்க, தப்புன்னு."

"நான் யாரையும் திருடின்னு சொல்லலையே. கடைசியா கையில வெச்சிருந்தவர்னுதான் சொன்னேன். சரி, நோட்டுல திருத்திடறேன், போதுமா?"

பெரிய நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, வேகமாக எழுதினார். என் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, ஆனாலும் தலைகீழாகப் படிக்கத் தெரியும். 'வெள்ளிக்கிழமை. நாணயம் எலும்புப் பெட்டியில் கிடைத்தது. கழுவும் தொழிலாளியின் கவனக்குறைவால் எலும்புகள் கெட்டன.'

அவ்வளவுதான். மேலே செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நான் அப்படியே இருக்கிறேன். நூறு வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கு ஸ்தமாதா கையில் வைத்திருந்தாள், பிறகு எப்படியோ பெட்டியில் கிடைத்தது, பயந்து திருப்பிப் போட்டிருப்பாள் என்றுதான் தோன்றும். கூடவே இன்னொரு கிழவி, கவனமில்லாதவள். இவர் பேருக்கு ஒரு கீறல் இல்லை! அடப்பாவி மனுஷா, செத்தவர்களின் நியாயத்துக்காக நோட்டு வைத்திருக்கிறாய், உயிரோடு இருக்கிறவளை அதிலேயே புதைக்கிறாயே!

பேனா மேஜையில் இருந்தது. எடுத்தேன். நோட்டை என் பக்கம் திருப்பினேன். தொழிலாளி யாரும் அந்த நோட்டைத் தொட்டதே இல்லை. அதனால் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் பாதி எழுதிவிட்டேன், குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி:

'காசு தொலையவே இல்லை. அது இருந்த பெட்டியைத் திறக்கச் சொல்லி ஸ்தமாதா நாலு நாள் கேட்டாள். லெயாந்த்ரோஸ் திறக்கவில்லை. எலும்பைத் தெரிந்த மாதிரி கழுவச் சொன்னது லெயாந்த்ரோஸ். பொலிக்ஸேனி தனக்குத் தெரிந்த மாதிரி, மரியாதையோடு கழுவினாள். ஸ்தமாதா எதையும் எடுக்கவில்லை.'

அடியில் ஒரு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டேன்.

"என்ன பண்றீங்க! குடுங்க அதை!" பேனாவைப் பிடுங்கினார். என் வரிகள்மேல் கோடு போட முனையை வைத்துவிட்டார்.

"அடிங்க சார்" என்றேன். "தாராளமா அடிங்க. இதுல அடித்தல் கிடையாதுன்னு எங்களை உக்காரவெச்சுச் சொன்னது நீங்கதான். கிழிக்கக் கூடாதுன்னும் சொன்னீங்க. தப்பா இருந்தா கீழே எழுதுங்க, தப்புன்னு. எழுதுங்க, பாக்கறேன்!"

பேனா காகிதத்தின்மேலேயே நின்றது, மை ஒரு பொட்டாக ஊறியது. மிர்ஸினி கையுறையைக் கழற்றினாள்.

"இன்னிக்கு சாயங்காலம் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து லாரிஸா ஆபீஸுக்கு அனுப்பணும் இல்லையா சார்?" என்றாள். "கையெழுத்து இல்லாத பக்கத்தை அவங்க ஏத்துக்க மாட்டாங்க. நீங்க போடுங்க. பெட்டியைத் தொறந்தது நான், எனக்குத் தெரிஞ்சதை அறிக்கையில எழுதுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த முகத்தில் எங்கேயும் இல்லை, கடைசிவரை வரவும் இல்லை. குனிந்து, நான் விட்ட இடத்தில், என் வரிகளுக்கு அடியில் கையெழுத்துப் போட்டார். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்தினார்.

மேஜையின் மறுமூலையில் என் கரண்டி கிடந்தது. எடுத்துக்கொண்டேன். பொலிக்ஸேனி பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, பிரித்த துணியின் மூலைகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள், யாரும் தடுக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள். ஒருத்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். செவ்வாய் மதியம் நான் ஆரம்பித்த முப்பத்திரண்டாம் கல்லறை பாதி தோண்டியபடி கிடந்தது. குழிக்குள் இறங்கி, முதல் ஓட்டின்மேல் இருந்த மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தேன்.